மலர் வரைந்த மாதரசி றாகேல் றொய்ஸ்

விழா மலர் என்னும் பெயர் தாங்கி வெளிவரும் இவ்வேட்டிலே, மலர்களை வரைவதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட ஓர் அம்மையாரின் வரலாற்றை எழுதப் புகுவது பொருத்தமுடையதே என எண்ணுகின்றோம். அவர் பெயர் றாகேல் றொய்ஸ். 1664ஆம் ஆண்டிலே ஒல்லாந்து தேசத்து ஹேக் நகரிற் பிறந்து, 1750ஆம் ஆண்டிலே அம்ஸ்ரர்டாம் நகரில் மறைந்தவர். எண்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து, அவற்றுள் அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளைத் தூரிகையும் கையுமாகக் கழித்தவர். அவர் பிறந்தபோது யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைப்பட்டு ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர் கண்மூடியபோதும் நமது கோட்டையின்மேல் ஒல்லாந்தர் கொடியே பறந்தது. எனவே அந்நியர் ஒருவரின் கதையாக இது தோன்றினும், நம் மூதாதையர் வரி செலுத்திய காலத்துக் கதையே என்பதை வாசகர் மனத்திற் கொள்வாராக.

பூச்சாடியொன்றை மேசைமீது வைத்து வரையுமாறு சித்திர ஆசிரியர் பணித்தால், மாணவர் பலர் முகஞ் சுளிப்பதை நாம் கண்டிருக்கின்றோம். போர்க்களம், தேர்த்திருவிழா, கடற்புயல் என்றால் ஊக்கமாக வரைவர். பூவும் பழமும் சிறுபிள்ளை விளையாட்டு என்பது அவர் எண்ணம். இவ்வெண்ணம் மாணவர்க்கு மட்டும் உரியதன்று. பிரான்சு தேசத்துக் கலையறிஞர் பெலிபியன் என்பவர் 1667இல் ஓவிய வகைகளைத் தரம் பிரித்தபோது, வரலாற்றையும் புராணத்தையும் தலையில் வைத்து, அசையாப் பொருட்களைத் தீட்டும் வகையை அடியில் வைத்தார். அத்தரப்பாடு ஐரோப்பியக் கலைக்கழகங்களில் நெடுங்காலம் நிலைபெற்றது. உயிரோடிருந்தபோது ஐரோப்பா முழுவதும் பேசப்பட்ட றாகேல் அம்மையாரின் பெயர் பின்னாளில் ஆராய்ச்சியாளரும் அரும்பொருட்சாலைக் காப்பாளரும் மட்டுமே அறிந்ததாகச் சுருங்கியமைக்கு, அவர் பெண்ணாயிருந்தமை ஒரு காரணமாயின், அவர் எடுத்த பொருள் பூவாயிருந்தமை மற்றொரு காரணமாகும். அம்ஸ்ரர்டாமிலுள்ள தேசிய அரும்பொருட்சாலை தன் சிறப்பு மண்டபத்திலே பெண் ஓவியர் மூவரின் படங்களைத் தூக்கி வைத்தது 2021ஆம் ஆண்டிலேதான். அம்மூவருள் இவரும் ஒருவர். அவருக்கெனவே அமைந்த முதற் பெருங்கண்காட்சி 2024இன் இறுதியில் ஜேர்மனியின் மியூனிக் நகரிலே தொடங்கி, 2025இல் அமெரிக்காவின் ரொலீடோ, பொஸ்ரன் நகரங்களிலும் நடைபெற்றது. இறந்து இருநூற்றெழுபத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற சிறப்பு இது.

அவர் பிறந்த குடி எளிய குடியன்று. தாய்வழிப் பாட்டனார் பீற்றர் போஸ்ற் புகழ்பெற்ற கட்டடச் சிற்பி. பாட்டனாரின் தம்பி பிரான்ஸ் போஸ்ற், பிரேசில் நாட்டுக்குச் சென்று அங்குள்ள நிலக்காட்சிகளை வரைந்தவர். தந்தையார் பிரெடறிக் றொய்ஸ் உடற்கூற்று நிபுணர். மகள் குழந்தையாயிருந்தபோதே அம்ஸ்ரர்டாம் சத்திரவைத்தியர் சங்கத்துக்கு உடற்கூறு கற்பிக்கும் ஆசானாக அவர் அமர்த்தப்பட்டமையால் குடும்பம் அந்நகருக்குக் குடிபெயர்ந்தது. 1685 முதல் அந்நகரத்து மூலிகைத் தோட்டத்திலே தாவரவியற் பேராசிரியராகவும் அவர் விளங்கினார்.

அந்த வீடு எப்படிப்பட்ட வீடு என்பதை வாசகர் சற்றே கற்பனை செய்து பார்த்தல் வேண்டும். இறந்த உடல்களும் உறுப்புக்களும் அழுகாவண்ணம் காக்கும் வித்தையிலே பிரெடறிக்குக்கு நிகரானவர் அக்காலத்தில் இல்லை. குருதிக் குழாய்களுள் நிறமூட்டிய மெழுகைச் செலுத்தி, உயிருள்ளவைபோலத் தோன்றும்படி அவற்றைச் செப்பஞ்செய்து கண்ணாடிக் கலங்களிலே வைத்தார். வண்ணத்துப்பூச்சிகள், பாம்புகள், சங்குகள், உலர்த்திய செடிகள், தூரதேசத்து விலங்குகள் யாவும் அறைதோறும் நிறைந்திருந்தன. கலங்களின் வாயை மூடப் பூவும் பின்னற்சரிகையும் இட்டு அழகுபடுத்தும் வேலையிலே மகளும் கைகொடுத்தார் என்பர். உருசியச் சக்கரவர்த்தி மகா பீற்றர் இத்தொகுதியைக் கண்டு வியந்து, 1717இல் 30,000 கில்டர் கொடுத்து முழுவதையும் வாங்கிச் சென்றார். அப்போது எழுபத்தொன்பது வயதை எட்டிக்கொண்டிருந்த பிரெடறிக் சற்றும் தளராது புதிய தொகுதியொன்றைத் தொடங்கினார் என்பதும் ஈண்டு கூறத்தக்கது. உழைப்பிலே தளராமை அக்குடும்பத்தின் பிதிரார்ச்சிதம் போலும்.

இத்தகைய வீட்டில் வளர்ந்த சிறுமிக்கு, பூவின் இதழ் எத்தனை, கேசரம் எவ்வாறு நிற்கின்றது, வண்டின் காலில் எத்தனை கணு என்பன விளையாட்டுப் பருவத்திலேயே கைவந்த பாடங்களாயின. வரைதலில் அவருக்கிருந்த ஆர்வத்தைக் கண்ட தந்தையார், 1679இல், பதினைந்தாம் வயதிலே, வில்லெம் வான் ஆல்ஸ்ற் என்னும் ஓவியரிடம் மாணவியாகச் சேர்த்தார். பெண் மக்களை ஓவியத் தொழிலுக்குப் பழக்குதல் அக்காலத்தில் அருமை. வான் ஆல்ஸ்ற் அக்காலத்து மலரோவியருள் முன்வரிசையில் நின்றவர். பூங்கொத்தை இருபுறமும் ஒத்த அளவாக அடுக்கும் பழைய முறையை விட்டு, ஒருபுறம் சாய்ந்தும் வளைந்தும் இயல்பாக விழுமாறு அமைத்தவர் அவர். 1683இல் அவர் இறக்கும்வரை றாகேல் அவரிடம் பயின்றார். அதன் பின்னர் அவருக்கு ஆசிரியர் வேண்டியிருக்கவில்லை.

இனி அவ்வோவியங்களை நோக்குவோம். மூலப் படங்கள் கடல் கடந்த நாடுகளில் இருப்பினும், அரும்பொருட்சாலைகள் பல அவற்றை நுண்ணிதாகப் படம் பிடித்து இணையத்தில் இட்டுள்ளமையால், இதழின் நரம்பையும் எண்ணிப் பார்க்கத்தக்கதாக நம் வீட்டிலிருந்தே பெரிதாக்கிக் காணலாம். நாமும் அவ்வாறே கண்டோம். வாஷிங்டன் நகரில், பெண்பாற் கலைஞரின் ஆக்கங்களுக்கெனவே அமைந்த அரும்பொருட்சாலையில் உள்ள படமொன்றை எடுத்துக்கொள்வோம். கல்மேடையொன்றின் மீது ஒரு சாடி. அதனுள் ரோசாவும் பொப்பியும், புனல்போல வாய் விரிந்த கொடிப்பூவும் பிறவும் நிறைந்த கொத்து. பின்னே கரிய இருள். முதற்பார்வையில் இவ்வளவே.

இருள் ஏன் என்று கேட்டல் வேண்டும். வெளிச்சம் ஒருபுறத்திலிருந்து வந்து நடுவிலுள்ள வெளிர்நிறப் பூக்கள்மேல் வீழ்கின்றது. ஓரத்துக்குப் போகப்போக நிறம் தணிந்து, கடையிலுள்ள இலைகள் இருளோடு இருளாய்க் கரைகின்றன. அதனாற் கொத்து தட்டையாய்த் தோன்றாது, கையை நீட்டிச் சுற்றிப் பிடிக்கலாம் போன்ற திரட்சியைப் பெறுகின்றது. இனிக் காம்புகளைப் பார்த்தல் வேண்டும். நேராக நிற்கும் காம்பு அரிது. பாரந் தாங்காது தலை கவிழ்ந்த பூ ஒன்று. வெளியே எட்டிப் பார்க்கும் தளிர் ஒன்று. பின்புறத்தை மட்டுமே நமக்குக் காட்டும் மலர் வேறொன்று. கண் கீழிருந்து வளைந்து மேலேறி, மறுபுறம் இறங்குமாறு வழி வகுக்கப்பட்டுள்ளது. வர்ணங்கள் பலவாயிருந்தும் கூச்சலாய்த் தோன்றாமைக்கு இவ்வொழுங்கே காரணம்.

வர்ணம் தீட்டிய முறையையும் சிறிது கூறுதல் தகும். ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த வர்ணம் உலர்வதற்கு நாட்கள் செல்லும். ஓவியர் முதலில் பூவின் வடிவை மந்தமான ஒரு நிறத்தாற் படிய வைப்பார். அது உலர்ந்தபின் வெளிச்சமும் நிழலும். அவையும் உலர்ந்தபின் கண்ணாடி போன்ற மெல்லிய செந்நிறப் படை ஒன்று. ஒளி அம்மெல்லிய படையினூடே சென்று, அடியிலுள்ள வெண்மையிற் பட்டு மீண்டு வருதலால், செம்மலர் உள்ளிருந்து ஒளிர்வது போலத் தோன்றும். எல்லாவற்றுக்கும் கடையிலேதான் பனித்துளியும் எறும்பும் வரும். பனித்துளி வரைதல் பெருஞ்சித்து என்று மாணவர் மயங்குவர். வெளிச்சம் வரும் பக்கத்திலே ஊசிமுனையளவு வெள்ளை. அதற்கு எதிர்ப்பக்கத்தில் மெல்லிய ஒளிக்கீற்று. துளியின் கீழே இலையில் ஒரு சிறு நிழல். வித்தை இவ்வளவே. ஆனால் வெள்ளை எதிர்ப்பக்கத்தில் விழுந்தால் துளி கெட்டுவிடும். அக்காலத்து மலரோவியங்கள் பலவற்றில் இலைகள் நீலம் பாரித்திருப்பதையும் காணலாம். நீலமும் மஞ்சளும் கூட்டிப் பச்சை ஆக்கியபோது, செடியிலிருந்து எடுத்த மஞ்சள் காலப்போக்கில் வெளிறிவிட்டது. நீலம் எஞ்சி நின்றது. ஓவியர் அவ்வாறு வரைந்தாரெனக் கொள்ளற்க.

இன்னும் ஒன்று. இப்பூங்கொத்துக்கள் உலகில் எங்கும் என்றும் இருந்தனவல்ல. இளவேனிலில் மலரும் துலிப்பும், கோடையில் மலரும் ரோசாவும் பொப்பியும் ஒரே சாடியில் ஒரே நாளில் நிற்றல் அந்நாட்டில் இயலாது. ஒவ்வொரு பூவையும் அது மலருங் காலத்திலே தனித்தனியே பார்த்து வரைந்து வைத்து, பின்னர் மனத்திலே தொகுத்துக் கொத்தாக்கினர் அந்நாட்டு ஓவியர். கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே தலைவியும் தோழியும் கொய்து குவித்தனவாகத் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிச் சொல்வதை உயர்வகுப்பு மாணவர் அறிவர். அப்பூக்களும் நிலத்தாலும் பருவத்தாலும் வேறுபட்டவையே. ஒரு நாளில் ஒரு மலையில் அவை எல்லாம் கிடைக்குமோ என்று வினவுவாரும் உளர். புலவனின் பாறையிற் குவிந்தமை போலவே ஓவியரின் சாடியிலும் ஓராண்டு முழுவதும் ஒரு கணத்திற் குவிந்தது என்று கொள்வதே அவ்வினாவுக்குத் தக்க விடையாகும் என்பது எமது துணிபு.

ஆனால் அம்மையாரின் தனிச்சிறப்பு வேறோரிடத்தில் உள்ளதெனக் கருதுகின்றோம். அவர் தீட்டிய கொத்திலே புழு அரித்த இலை உண்டு. ஓரம் கருகிய இதழ் உண்டு. மேடைமீது உதிர்ந்து கிடக்கும் பூ உண்டு. 1711இல் வரைந்து இப்போது இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலுள்ள கனிப் படமொன்றிலே, பறவைக் கூட்டிலுள்ள முட்டையை நாடி வந்த பல்லியொன்று உண்டு. தந்தையார் அழிவைத் தடுக்க வாழ்நாள் முழுவதும் முயன்றார். இறந்த குழவியின் கன்னத்திலும் உயிரின் செம்மையை நிறுத்தி வைத்தார். மகளும் வாடும் பொருளையே வாடாமல் நிறுத்தினார். எனினும் தந்தையின் கலத்திலே மரணம் பின்னற்சரிகையால் மறைக்கப்பட்டது. மகளின் சித்திரத்திலோ அது மறைக்கப்படவில்லை. காலையில் சாத்திய மாலை மாலையில் நிர்மாலியமாவதை நாள்தோறும் காண்கின்ற நமக்கு இது விளங்காததன்று. வாடத் தொடங்கிய இதழையும் மலர்ந்த இதழுக்குக் கொடுத்த அதே பொறுமையோடு வரைந்தாரே, அதுவே எம்மை அவர் படத்தின் முன் நெடுநேரம் நிறுத்தியது.

1693இல் யூறியான் போல் என்னும் உருவப்பட ஓவியரை அவர் மணந்தார். பத்துப் பிள்ளைகள் பிறந்தனர். கடைப்பிள்ளை பிறந்தபோது அம்மையாருக்கு நாற்பத்தேழு வயது. அக்காலத்துப் பெண் ஓவியர் பலர் மணமானதும் தூரிகையைக் கீழே வைத்தனர். இவர் வைக்கவில்லை. அதற்கு வீட்டுப் பணியாளரின் உதவியும் வாய்ப்பான செல்வநிலையும் துணைநின்றிருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. கணவரின் மனமும் துணைநின்றிருத்தல் வேண்டும். மனைவியின் புகழ் தம் புகழை விஞ்சி நின்றபோதும் அவர் மனைவிக்குத் தடையாயிருந்ததாகத் தெரியவில்லை. 1701இல் ஹேக் நகர ஓவியர் சங்கத்திலே கணவனும் மனைவியும் ஒருங்கே உறுப்பினராயினர். அச்சங்கத்தின் முதற் பெண் உறுப்பினர் அம்மையாரே என்பர்.

1708இல் ஜேர்மனியின் டுசெல்டோர்ப் நகரிலிருந்து ஆண்ட சிற்றரசர் யொகான் வில்லெம் அவரைத் தம் அரண்மனை ஓவியராக நியமித்தார். அரண்மனையில் வந்து தங்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அம்ஸ்ரர்டாமிலே பிள்ளைகளோடு இருந்தவாறே படங்களை வரைந்து அனுப்பினாற் போதும் என்பது ஏற்பாடு. கடைப்பிள்ளைக்கு அவ்வரசரின் பெயரே இடப்பட்டது. அரசரின் தேவியார் புளோரன்ஸ் நகரத்து மெடிச்சி குலத்துப் பெண். மேலே நாம் கூறிய பல்லிப்படம் இத்தாலிக்குச் சென்ற வழி இதுவே. 1716இல் அரசர் மறையும்வரை இத்தொடர்பு நீடித்தது. அக்காலத்தில் அம்மையாரின் படமொன்று 750 முதல் 1,200 கில்டர் வரை விலைபோயிற்று. உலகம் போற்றும் றெம்பிராண்ட் தம் படமொன்றுக்கு 500 கில்டருக்கு மேற் பெற்றது அரிது என்பதை அறிந்தால் இத்தொகையின் பெருமை விளங்கும்.

1723இல் நடந்ததோ சிறுகதைக்கு ஏற்றது. அதிர்ஷ்டச் சீட்டிலே அக்குடும்பத்துக்கு 75,000 கில்டர் விழுந்தது. அதன்பின் சில ஆண்டுகள் அவர் வரைந்தவை குறைவு. உழைத்த கை சற்றே ஓய்ந்ததில் வியப்பென்ன? ஆயினும் அவர் தூரிகையை அடியோடு விட்டுவிடவில்லை.

அவர் சாடிக்குள் வந்த பூக்கள் சிலவற்றின் வழித்தடத்தையும் சொல்லாது விடல் முறையன்று. ஒல்லாந்தரின் கீழைத்தேச, மேலைத்தேச வணிகக் கப்பல்கள் ஏற்றி வந்த செடிகள் அம்ஸ்ரர்டாம் மூலிகைத் தோட்டத்துக் கண்ணாடி வீடுகளிலே வளர்க்கப்பட்டன. அமெரிக்கக் கண்டத்துக் கள்ளியும், நாம் கொடித்தோடை என்று பந்தலில் ஏற்றும் கொடியின் இனத்துப் பூவும் அம்மையாரின் படங்களில் இடம்பெற்றமை இவ்வாறே. அவருக்கு எட்டு வயதாயிருந்த 1672இல், போல் ஹேர்மன் என்ற வைத்தியர் அக்கும்பனியின் ஊழியராக இலங்கைக்கு வந்து, நம் நாட்டுச் செடிகளைத் திரட்டி உலர்த்திக் கொண்டுசென்றார். பின்னர் லெய்டன் நகரிலே அவர் பேராசிரியரானார். அத்தொகுதியை ஆதாரமாகக் கொண்டே லின்னேயஸ் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தம் நூலை 1747இல் வெளியிட்டார். செடிகள் சென்ற கப்பலிலேதான் நமது கறுவாவும் சென்றது. கறுவா உரிப்போர் கும்பனிக்குக் கட்டாய ஊழியஞ் செய்தனர் என்பதும், பிற கப்பல்களில் அடிமைகள் விலங்கிடப்பட்டுச் சென்றனர் என்பதும் வரலாறு. பூவை ஓராண்டு பொறுத்திருந்து வரைவிக்கவும், அதற்கு ஆயிரம் கில்டர் கொடுக்கவும் வல்ல செல்வர் அந்நகரிற் பெருகியமைக்கு இவையும் காரணம். இதனை எண்ணும்போது மனம் சற்றே கனக்கின்றது. தூரிகை பிடித்த கையை இதற்காக நாம் பழிக்கமாட்டோம். ஆனால் நிறங்களை வியக்கும்போது அக்கப்பல்களையும் மறக்கமாட்டோம்.

1731இல் தந்தையார் தொண்ணூற்றிரண்டாம் வயதில் மறைந்தார். 1745இல் கணவர் காலமானார். அம்மையார் தொடர்ந்து வரைந்தார். முதுமைக் காலப் படங்கள் அளவிற் சிறியவை. பெருங்கொத்தும் அலங்காரச் சாடியும் குறைந்து, கல்மேடைமேல் வைத்த சிலவே பூக்களும் ஒரு வண்டுமாக அமைந்த 1741ஆம் ஆண்டுப் படமொன்று சுவிற்சர்லாந்தின் பாசெல் நகரில் உள்ளது. கண்ணும் கையும் தளர்ந்ததன் அடையாளம் அதில் எமக்குத் தென்படவில்லை. 1750இல், அவர் உயிரோடிருக்கும்போதே, கவிஞர் பலர் அவரைப் போற்றிப் பாடிய பாடல்கள் நூலாக வெளிவந்தன. அவ்வாண்டு ஒக்டோபர் 12ஆந் திகதி அவர் காலமானார். பிற்காலத்துப் படங்களிலே தம் பெயரின் அருகே வயதையும் எழுதி வைக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. அவ்வாறு எழுதப்பட்ட எண்களுள் எண்பத்து மூன்றும் ஒன்று.